மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஓர் உறுப்பினரை நீக்குவது எப்படி? விசாரணை முதல் கணக்கு முடிப்பு வரை

குடியாத்தம் வட்டத்தில் எங்கள் ஊர்க் குழுவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். அக்கம்பக்கத்துக் குழுக்களிலிருந்தும் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பலர் கொண்டு வரும் வேண்டுகோள் இதுதான்: "அக்கா, எங்கள் குழுவில் ஒருவரை எடுத்துவிட வேண்டும். தீர்மானம் மட்டும் எழுதிக் கொடுங்கள்." பேனாவை எடுப்பதற்கு முன் நான் கேட்பேன்: "அவருடைய பாஸ் புத்தகம் எங்கே?" பெரும்பாலும் கொண்டு வந்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. பிறகு மகளிர் திட்டம் வந்தது. இன்று தெருவுக்குத் தெரு குழு இருக்கிறது. எப்படிச் சேர்ப்பது, எப்படிச் சேமிப்பது, எப்படிக் கடன் கொடுப்பது என்றெல்லாம் எனக்குப் பயிற்சி கிடைத்தது. ஒருவரை எப்படி அனுப்புவது என்று நான் போன எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. ஒரு முறை தவறாகச் செய்துவிட்டு, அந்தத் தவற்றிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அதையும் கீழே மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

விலகலா, நீக்கமா?

தீர்மானப் புத்தகத்தில் எழுதப் போகும் சொல்லை முதலில் முடிவு செய்யுங்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவர், பெங்களூருக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போகிறவர், உடம்புக்கு முடியாமல் தானாக ஒதுங்குகிறவர் ஆகியோர் விலகுகிறார்கள். இவர்களிடம் கைப்பட எழுதிய விலகல் கடிதம் ஒன்று வாங்கினால் போதும். எழுதத் தெரியாதவர் என்றால் வேறொருவர் எழுதி, வாசித்துக் காட்டி, கைரேகை வைத்து, சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிகள் குழுவின் பொறுப்பாளர்களான ஊக்குநரும் பிரதிநிதியுமாக இல்லாமல் சாதாரண உறுப்பினர்களாக இருப்பது நல்லது. நீக்கம் என்பது குழு தன் முடிவால் ஒருவரை வெளியேற்றுவது. தானாகப் போனவரை "நீக்கப்பட்டார்" என்று எழுதிவிட்டால், நாளை அவர் புகுந்த வீட்டு ஊரில் ஒரு குழுவில் சேரப் போகும்போது அந்த ஒரு சொல் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

இறந்துபோன உறுப்பினரின் பெயரை எடுப்பது மூன்றாவது வகை. அங்கே அவசரம் வேறு விதமானது. குழுக் கணக்கைத் தொடுவதற்கு முன், அவருடைய சொந்த வங்கிக் கணக்கின் பாஸ் புத்தகத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. முன்னதில் எப்படி இறந்தாலும், பின்னதில் விபத்தில் இறந்தாலும், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இந்தக் காப்பீடுகளுக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை ஓர் ஆண்டு. பல வீடுகளில் அந்தப் பிடித்தம் எதற்கென்றே தெரியாது. கணக்கு எழுதுகிற நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். குழுவில் அவர் சேமித்த தொகை அவர் குறிப்பிட்ட நாமினிக்கும், நாமினி இல்லையென்றால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றின்படி வாரிசுகளுக்கும் போக வேண்டும். கூட்டத்துக்கு வந்து அழுகிற முதல் உறவினர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இனி நீக்கம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எது காரணம் ஆகும், எது ஆகாது

குழு தொடங்கிய அன்று எழுதிய விதிமுறைத் தாளை எடுங்கள். தொடர்ந்து எத்தனை கூட்டத்துக்கு வராவிட்டால் நடவடிக்கை, எத்தனை தவணை நின்றால் நடவடிக்கை, எத்தனை பேர் ஆதரித்தால் நீக்கலாம் என்று அதில் இருக்க வேண்டும். பல குழுக்களில் அந்தத் தாளே இருக்காது. அப்படியென்றால் நீக்கத்தைத் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு கூட்டத்தில் விதியை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, அதன் பிறகு நடப்பவற்றுக்கு மட்டும் அந்த விதியைப் பயன்படுத்துங்கள். ஆளைப் பார்த்த பிறகு விதி எழுதுவது அநியாயம்.

பணத்தைக் கையாடியது, கூட்டத்தில் கை நீட்டியது, வசதி இருந்தும் வேண்டுமென்றே தவணையை நிறுத்தி மற்றவர்களையும் சிக்க வைத்தது, ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களில் உறுப்பினராக இருப்பதை மறைத்தது ஆகியவை காரணங்கள்தான். கணவர் இறந்தது, கணவர் குடிப்பது, காசநோய், சாதி, தேர்தலில் யாருக்கு வேலை செய்தார் என்பது, பிரதிநிதியின் மருமகளோடு குழாயடியில் சண்டை போட்டது ஆகியவை எந்த நாளிலும் காரணமாகா.

இன்னொன்றையும் அடிக்கடி கேட்கிறேன்: "அவர் வீட்டுக்காரர் வங்கியில் வாங்கிய கடனைக் கட்டவில்லை. அவர் இருந்தால் நமக்குக் கடன் கிடைக்காது, எடுத்துவிடலாம்." இது தவறான பயம். ஓர் உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ வங்கியில் தவணை தவறியிருந்தாலும், குழு தவறாமல் கட்டி வருமானால், அந்தக் காரணத்துக்காகக் குழுக் கடன் சாதாரணமாகத் தடைபடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வங்கியிலிருந்து குழுவுக்கு வரும் கடனில் அந்தத் தவறிய உறுப்பினருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அவர் சேமிப்பைத் தொடரலாம், கூட்டத்துக்கு வரலாம், உறுப்பினராகவே இருக்கலாம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். குழு என்றால் பொதுவாக 10 முதல் 20 பேர். மாற்றுத்திறனாளிகள் குழுக்களுக்கும் மலைப்பகுதி போன்ற கடினமான இடங்களுக்கும் 5 பேர் போதும் என்ற தளர்வு உண்டு. அணைக்கட்டு வட்டத்தில் பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கீழ்நாட்டில் 10 பேர் மட்டும் இருக்கிற குழு ஒருவரை எடுத்தால் 9 ஆகிவிடும். மாற்று உறுப்பினர் தயாராக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வீட்டுக்குப் போங்கள்

நோட்டீசுக்கு முன், தீர்மானத்துக்கு முன், இருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இதற்குக் காரணம் எங்கள் குழுவின் தவறு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒருவரை நீக்கினோம். பீடி சுற்றுகிறவர். சுற்றிய பீடியை ஒப்படைக்கும் நேரமும் எங்கள் கூட்ட நேரமும் மோதியதால் வருவது குறைந்தது. பேரேட்டில் ஐந்து மாதச் சேமிப்புக் கட்டங்கள் காலியாக இருந்தன. கட்டவும் இல்லை, வரவும் இல்லை என்று ஒரே மாலையில் தீர்மானம் போட்டோம். என் கையால்தான் எழுதினேன். மறுவாரம் அவருடைய பழைய சேமிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக் கொண்டு வந்து, தாள்களைப் பின்பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் 10ஆம் தேதிக் கட்டத்துக்குள் அவர் மகன் பென்சிலால் "குழு 200" என்று எழுதியிருந்தான். ஐந்து தாள்களிலும் இருந்தது. பக்கத்து வீட்டு உறுப்பினரிடம் மாதம் தவறாமல் பணத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்தப் பணம் அந்த உறுப்பினரின் சொந்தத் தவணையாகக் குழுவுக்குள் வந்திருக்கிறது. "என் புத்தகத்தைக் கொண்டு வா என்று ஒருவர்கூடச் சொல்லி அனுப்பவில்லையே, அக்கா" என்றார். அவர் விரல் நுனிகளில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. அந்தக் காலண்டர்த் தாளில் அதன் பழுப்புத் தடம் படிந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே மூன்று புத்தகங்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: அவர் கையில் இருக்கும் தனிநபர் பாஸ் புத்தகம், குழுவின் சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம். மாதம் மாதமாக ஒத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அது யார் தவறு என்று தெரியும்வரை நீக்கப் பேச்சே எடுக்கக் கூடாது. யாரிடமாவது பணம் கொடுத்தனுப்பினாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு ஒரு தவணைக்கால அவகாசம் கொடுக்க முடியுமா, கூட்ட நேரத்தை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். எங்கள் பக்கம் பீடி, தீப்பெட்டி, கைத்தறி, பேர்ணாம்பட்டில் தோல் வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக் கூட்டத்தை இரவு எட்டுக்கு மாற்றியதாலேயே தீர்ந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

நோட்டீசும் கூட்டமும்

பேசியும் தீரவில்லை என்றால் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். என்ன குற்றச்சாட்டு, எந்தத் தேதிகளில் நடந்தது, எந்த விதியின் கீழ், எந்த நாள் எந்த இடத்தில் கூட்டம், அங்கே அவர் விளக்கம் சொல்லலாம் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். விதியில் கால அளவு இல்லையென்றால் 15 நாள் கொடுங்கள். நகலில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அந்த ரசீதைத் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டிவிடுங்கள். வைகாசி முதல் நாள் எங்கள் குடியாத்தத்துக் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் கூட்டம் வைத்துவிட்டு "கூப்பிட்டோம், வரவில்லை" என்று எழுதாதீர்கள். ஊரே தெருவில் நிற்கும்போது யார் வருவார்கள்?

கூட்டத்துக்கு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலிருந்து ஒருவரையோ, குழுக்களுக்குப் பயிற்சி தரும் சமுதாய வளப் பயிற்றுநரையோ அழைத்து உட்கார வையுங்கள். அவர் பேச வேண்டாம், பார்த்தால் போதும். புகார் சொன்னவர் கூட்டத்தை நடத்தக் கூடாது. முதலில் குற்றச்சாட்டை வாசிக்க வேண்டும், பிறகு அவர் பேச வேண்டும், இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. அவர் பேசியதைக் கணக்கு எழுதுபவர் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

வாக்கெடுப்பைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்கிறேன். கை தூக்கச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரி எப்படித் தூக்குவாள்? தூக்காமல் எப்படி இருப்பாள்? எழுதத் தெரியாதவர்களுக்காக நாங்கள் புளியங்கொட்டையும் துவரம் பருப்பும் வைத்தோம்: கொட்டை என்றால் நீக்கம், பருப்பு என்றால் இருக்கட்டும். துணி போர்த்திய சொம்புக்குள் ஒவ்வொருவரும் போட்டார்கள். விதியில் வேறு அளவு இல்லையென்றால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் மட்டும் நீக்குங்கள். அன்றைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு என்று கணக்கிட வேண்டாம்.

தீர்மானத்தை இப்படி எழுதலாம்:

"இன்று ......... தேதியில் நடந்த குழுக் கூட்டத்தில் மொத்த உறுப்பினர்கள் 12 பேரில் 11 பேர் கலந்துகொண்டனர். உறுப்பினர் ......... அவர்கள் மீது ......... என்ற காரணம் வாசிக்கப்பட்டது. அவர் அளித்த விளக்கம் ......... . அவர் நீங்கலாக நடந்த ரகசிய வாக்கெடுப்பில் ஆதரவு 9, எதிர்ப்பு 1. குழு விதி ......... இன்படி அவர் இன்று முதல் நீக்கப்படுகிறார். அவருக்குச் சேர வேண்டியது ......... ரூபாய், அவர் செலுத்த வேண்டியது......... ரூபாய், நிகரத் தொகை......... தேதிக்குள் வழங்கப்படும்."

காரணத்தை எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். "ஏமாற்றுக்காரி", "ஒழுக்கம் இல்லாதவர்" போன்ற சொற்கள் அந்தப் புத்தகத்தில் ஏறக் கூடாது. அந்தப் புத்தகம் வங்கிக்குப் போகும், வட்டார அலுவலகத்துக்குப் போகும், இருபது ஆண்டுகள் கழித்தும் அலமாரியில் இருக்கும்.

கணக்கை முடிப்பது

பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் முளைக்கின்றன. சேமிப்பு அவருடைய பணம். நீக்கப்பட்டதால் அது குழுவுக்குச் சொந்தமாகிவிடாது. அபராதம் என்று சொல்லி முழுச் சேமிப்பையும் நிறுத்தி வைக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அதை நான் எங்கே பார்த்தாலும் எதிர்ப்பேன்.

ஓர் எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்ப்போம். 12 பேர் கொண்ட குழு. மாதம் 200 ரூபாய் வீதம் 5 ஆண்டுகள் சேமித்திருக்கிறார்கள். அவருடைய சேமிப்பு 60 மாதத்துக்கு 12,000 ரூபாய். உள்கடன் (குழு தன் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கடன்) வட்டியில் செலவு போகக் குழுவுக்கு நின்ற லாபம் 54,000 ரூபாய், தலைக்கு 4,500. திரும்பி வராத பழைய கடன் 6,000 ரூபாய். தலைக்கு 500 கழிக்க வேண்டும். ஆக லாபப் பங்கு 4,000. அவருக்குச் சேர வேண்டியது 16,000 ரூபாய்.

மறுபக்கம், அவர் வாங்கிய உள்கடனில் 5,000 பாக்கி. மாதத்துக்கு 1 சதவீத வட்டி 50. குழு வாங்கிய வங்கிக் கடனில் அவர் பங்கின் பாக்கி 9,400. மொத்தம் 14,450. கழித்தால் அவர் கையில் கொடுக்க வேண்டியது 1,550 ரூபாய்.

இதில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். முதலாவது, சுழல் நிதியையும் லாபத்தோடு சேர்த்துப் பங்கு போடுவது. அரசு கொடுத்த சுழல் நிதி குழுவின் மூலதனம். போகிறவருக்கு அதில் பங்கு கிடையாது, இருப்பவர்களும் அதைப் பிரித்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, லாபத்தில் பங்கு உண்டா என்பது. அது உங்கள் விதியைப் பொறுத்தது. சேமிப்பு மட்டும்தான் என்று விதி இருந்தால், முன்பு தானாக விலகியவர்களுக்கும் அப்படியே கொடுத்தீர்களா என்று பாருங்கள். அவர்களுக்குப் பங்கோடு கொடுத்து, இவருக்கு மட்டும் மறுப்பது நிற்காது. மூன்றாவதுதான் பெரியது. 9,400 ரூபாயைப் பேரேட்டில் கழித்துவிட்டால் வங்கிக் கடன் குறைந்துவிடுவதில்லை. அந்தத் தொகையைக் குழு தன் ரொக்கத்திலிருந்து எடுத்து வங்கியின் கடன் கணக்கில் கட்டினால்தான் அவர் பங்கு உண்மையில் தீரும். இல்லாவிட்டால் மீதி 11 பேர் தலையில் அது சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடும்.

கையில் ரொக்கம் இல்லை, எல்லாம் உள்கடனில் இருக்கிறது என்றால், இரண்டு மூன்று தவணைகளில் தருவதாகத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். பணத்தை அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். கணக்குத் தாளில் கூட்டல் கழித்தல் முழுவதையும் எழுதி ஒரு நகலைக் கொடுத்து, "இனி இருதரப்புக்கும் பாக்கி இல்லை" என்ற கடிதத்தில் இரு பக்கமும் கையெழுத்திடுங்கள். அவருடைய பாஸ் புத்தகத்தில் "கணக்கு முடிக்கப்பட்டது" என்று தேதியோடு எழுதி அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதைப் பறித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

வங்கியும் மற்ற பதிவேடுகளும்

நீக்கப்பட்டவர் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போங்கள். கையெழுத்து அதிகாரத்தை மாற்றும் தனித் தீர்மானத்தின் நகல், புதியவரின் ஆதார், புகைப்படம் ஆகியவை தேவைப்படும். சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை பொறுப்பாளர்களின் அடையாள ஆவணம் போதும். 12 பேரையும் வரிசையில் நிற்க வைக்க வேண்டியதில்லை. காசோலைப் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்திட்ட தாள்கள் இருந்தால் அங்கேயே ரத்து செய்யுங்கள். சாதாரண உறுப்பினர் என்றாலும், குழுக் கடன் நடப்பில் இருக்குமானால் வங்கிக்குத் தெரிவியுங்கள். கடன் வாங்கிய அன்று எல்லோரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் அவர் பெயரும் இருக்கிறது.

அடுத்து வட்டார இயக்க மேலாண்மை அலகு, அதாவது வட்டார அளவில் குழுக்களைக் கவனிக்கும் அலுவலகம். இணையப் பதிவில் உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொல்லித் தீர்மான நகலோடு கடிதம் கொடுங்கள். ஒருவர் ஒரு குழுவில்தான் இருக்கலாம். இங்கே பெயர் நீடித்தால் அவர் வேறெங்கும் சேர முடியாது. கல்யாணமாகிப் போன பெண்கள் இதனாலேயே புகுந்த வீட்டு ஊரில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானபோது ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்கும் போயின. அந்தப் பக்கத்துப் பழைய குழுக்களின் முத்திரையில் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்றுதான் இருக்கும். எங்கள் பெரியவர்கள் வடாற்காடு என்றே சொல்வார்கள். கடிதத்தை இப்போதைய மாவட்ட அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அவர் முறையிட விரும்பினால்

அந்த வழியைத் தீர்மானம் கொடுக்கும்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள். முதலில் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, பிறகு வட்டார அலகு, அதன் பின் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகம். திங்கட்கிழமைகளில் வேலூர் சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். நோட்டீஸ் நகல், தீர்மான நகல், பாஸ் புத்தக நகல் மூன்றையும் இணைத்தால் போதும். இவற்றை அவர் கேட்டும் கொடுக்காத குழுவின் தீர்மானம் அங்கே நிற்காது.

நீக்கியது தவறு என்று தெரிந்தால் புதிய உறுப்பினராகச் சேர்க்கக் கூடாது. பழைய தீர்மானத்தை ரத்து செய்யும் தீர்மானம் போட வேண்டும். அப்போதுதான் அவருடைய சேமிப்புக் காலமும் லாபப் பங்கும் அறுபடாமல் தொடரும். எங்கள் குழு அப்படித்தான் செய்தது. அந்தப் பீடி சுற்றும் உறுப்பினர் கொடுத்தனுப்பிய 1,000 ரூபாய் பக்கத்து வீட்டு உறுப்பினரிடம் வசூலிக்கப்பட்டு, ஐந்து மாதக் கட்டங்களிலும் பழைய தேதி போடாமல், வசூலான தேதியோடும் விளக்கத்தோடும் எழுதப்பட்டது. வருகைப் பதிவேட்டில் அவர் பெயரைக் கடைசியில் எழுதலாம் என்றார்கள். பழைய இடமான ஏழாவது வரிசையிலேயே எழுதினேன்; கூட்டத்தையும் இரவு எட்டு மணிக்கு மாற்றினோம்.